கண்ணாடிக்கு முன் அத்தை

அத்தையைப் பெண் கேட்டவருக்கு நேரில் வந்து பார்க்க நேரமில்லை. கோயமுத்தூரில் பஞ்சு அரவை மில் வைத்திருந்தார். முதல் மனைவி இறந்து அதிக நாள் ஆகவில்லை. வயது என் அப்பாவைவிடக் கூடுதல். ரவிக்கை போட்டு நாகரிகமாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்று ஆள்விட்டுச் சொன்னார்.

அத்தை அப்பாவின் தங்கை. அப்போது இருபது வயதிருக்கும். "அந்த எடம் எனக்கு வேண்டாமுங்கண்ணா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

"உனக்கென்ன தெரியும்? மில்லுக்காரரு ஊட்டுல வாழக் கசக்குதாக்கும்?" என்றார் அப்பா.

அத்தை அதற்குமேல் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் பெண்களின் மௌனத்துக்கு வேறு பொருள் கிடையாது.

சிக்கல் ரவிக்கையில்தான் இருந்தது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில், பள்ளிக்கூடம் போகும் என் சட்டையைத் தவிர, தைத்த துணி எந்தப் பெண் மேலும் ஏறியதில்லை. பின்கொசுவச் சேலைதான். மடிப்புகளை இடுப்புக்குப் பின்னால் அடுக்கிச் செருக வேண்டும். அத்தை அதைக் கன்றுக்குட்டியை அதட்டிக்கொண்டே, திரும்பிப் பாராமல், நொடியில் செய்துவிடுவாள்.

போட்டோ ஸ்டூடியோவின் பலகையை நான்தான் உரக்கப் படித்தேன். வண்டியில் வந்தவர்களில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அப்பா பெருமைப்பட்டாரா தெரியாது, நான் பட்டேன்.

உள்ளே சுவர் முழுக்கப் பெண்களின் படங்கள். மேல் வரிசை, போட்டோக்காரருடைய அப்பா காலத்தது. ரவிக்கை இல்லாமல், முந்தானையைத் தோளோடு போர்த்தி, யாரோ திட்டிவிட்டதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குக் கீழே, கழுத்துவரை லேஸ் வைத்து மணிக்கட்டுவரை கை நீண்ட ரவிக்கைகள். அடுத்து, தோளில் குடைபோல் உப்பிய கை. கடைசி வரிசையில் கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது. மணிக்கட்டில் கடிகாரம் வந்திருந்தது. ரவிக்கையின் கை குறையக் குறையச் சிரிப்பு கூடியிருந்தது.

அத்தை நெடுநேரம் பார்த்தது வேறொரு படத்தை. அதில் மணப்பெண் ஒருத்தி நம்மைப் பார்த்து நிற்க, பின்னால் சாய்த்து வைத்த நிலைக்கண்ணாடியில் அவளுடைய பூத்தைத்த சடை தெரிந்தது.

"ஏனுங்க, இதுல முதுகுப்பக்கம் பூராத் தெரியுமுங்களா?" என்றாள் போட்டோக்காரரிடம்.

"பூரா விழுமுங்க அம்மணி. அதுக்குத்தானுங்க கண்ணாடி."

"அப்ப எனக்கும் இப்படியே எடுங்க."

அவளாக வாய் திறந்து கேட்டதில் அம்மாவுக்கு மகிழ்ச்சி. "பாத்தீங்களா, ஆசை இல்லாமலா இருக்கும்?" என்று அப்பாவிடம் கிசுகிசுத்தாள்.

இரவல் கொடுப்பதற்கென்றே ஸ்டூடியோவில் கை குட்டையான ஒரு லேஸ் ரவிக்கை வைத்திருந்தார்கள். முதுகில் மூன்று கொக்கிகள். அம்மா உதவ எழுந்தாள். "நானே போட்டுக்குவேனுங்க நங்கை" என்று அண்ணியை உட்காரவைத்துவிட்டு அத்தை திரைக்குப் பின்னால் போனாள். முந்தானையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தபோது கடைசி வரிசைப் பெண்ணைப்போல்தான் இருந்தாள், சிரிப்பைத் தவிர.

"பெரியவங்க எல்லாம் வெளிய இருங்க. கண்ணாடியில உங்க உருவமும் விழுந்துரும்" என்றார் போட்டோக்காரர். நான் குள்ளம், கேமராவின் கால்களுக்குப் பக்கத்தில் இருக்கவிட்டார்கள்.

அத்தை முந்தானையைத் தளர்த்தினாள். பூ வைத்த சடையை எடுத்துத் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். சடை முன்னால் இருந்தால் கண்ணாடி எதற்கு என்று எனக்குத் தோன்றியது. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். வெளியே வந்து அத்தையைப் பார்த்தார்.

"அம்மணி, சடையைப் பின்னால போட்டுக்கிறீங்களா?"

"இப்படியே இருக்கட்டுங்க."

"முதுகு தெரியுதுங்க."

"தெரியட்டுங்க."

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, கோயிலில் பேசுவதுபோல் மெதுவாக, "எடுத்துடட்டுங்களா?" என்றார்.

"எடுங்க."

படத்தை நேரே மில்லுக்காரர் வீட்டில் சேர்த்துவிடும்படி அப்பா சொல்லியிருந்தார். அடுத்த வாரமே அது ஆளோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. "நாகரிகம் முன்னால மட்டும் இருந்தாப் போதாதுன்னாருங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் அந்த ஆள் போய்விட்டான்.

படத்தில் முன்னால் ஒரு பட்டணத்துப் பெண். பின்னால் கண்ணாடியில், மூன்று கொக்கிகளும் மாட்டாமல் விரியத் திறந்து கிடந்த ரவிக்கை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கொக்கி போடத் தெரியலீன்னா ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமல்லோ அம்மணி? மானமே போயிருச்சே!"

"எனக்கென்னங்க தெரியும் நங்கை?" என்றாள் அத்தை. சொன்னது அம்மாவிடம், பார்த்தது அப்பாவை.

அடுத்த தை மாதம் சென்னிமலைப் பக்கம் ஒரு குடியானவர் வீட்டில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. போட்டோ யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்த படத்தை அம்மா பெட்டிக்கடியில் போட்டுவைத்தாள்.

அதைப் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில், திறந்து கிடக்கும் ரவிக்கைக்குக் கீழே பின்கொசுவம் தெரியும். திரைக்குப் பின்னால் தனியாக, பாராமல், கையைப் பின்னால் கொண்டுபோய் அடுக்கியது. ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. அந்தக் கைகளுக்கு மூன்று கொக்கி மாட்டத் தெரியவில்லை என்று வீடே நம்பியது. வகுப்பில் முதலாவதாக இருந்த நானும்தான்.