ஐப்பசி மழையில் அடித்த வார்னிஷ்

பெயின்ட் அடிக்காத சிப்பாய் மேசை ஏறக் கூடாது. இது பாய் போட்ட சட்டம். கட்டைவிரலின் முதல் கணு உயரம்கூட இல்லாத பொம்மைச் சிப்பாய்க்கு இத்தனை கெடுபிடியா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்காத நாளில்லை. “பேரன் எடுக்கற வயசுல பொம்ம வச்சி ஆடினு இருக்கீங்களே, நாலு பேரு பாத்தா இன்னா சொல்வாங்க?” என்பாள். நாலு பேர் பார்த்தால்தானே? நாங்கள் ஆடியது பாயின் செருப்புக் கடைக்கு மேலே, சரக்கு வைக்கிற அறையில். செங்கல்பட்டு பஜாரில் அப்படி ஒரு போர் நடக்கிறது என்று கீழே செருப்பு வாங்குகிறவனுக்குத் தெரியாது.

கல்பாக்கத்தில் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது ஒரு பெட்டி நிறைய சிப்பாய்களையும் விதிப் புத்தகத்தையும் பாயிடம் கொடுத்துவிட்டுப் போனார். கடைக்கு ஷூ வாங்க வந்த பழக்கம். பாய்க்கு அன்றைக்குப் பிடித்த பித்து. படாளத்தில் லோடு வண்டி ஓட்டிப் பிழைக்கிற என்னையும் இழுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை மூடியதும் பழைய கதவு ஒன்றை நாலு ஸ்டூல் மேல் போட்டால் அதுதான் போர்க்களம். ஆளுக்கொரு படை. டேப் வைத்து அளந்து நகர்த்தணும். சுட்டால் பட்டதா இல்லையா, பயந்து ஓடினானா நின்றானா, எல்லாவற்றையும் பகடை சொல்லும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பகடை சரியாக விழாவிட்டால் பகடையைத் திட்டுவேன், கதவைத் திட்டுவேன், மேலே சுற்றுகிற ஃபேனைத் திட்டுவேன். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று பாய் சிரிப்பார். அவர் தோற்றாலும் முகம் மாறாது. ஆனால் யாராவது விட்டுக்கொடுத்து ஆடினால் மட்டும் அந்த மனிதருக்குப் பொறுக்காது. ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். பாவம் என்று நான் என் குதிரைப்படையைச் சும்மா நிற்க வைத்தேன். அதைக் கண்டுபிடித்து, பாதி ஆட்டத்தில் சிப்பாய் டப்பாவை மூடிவிட்டார். “பிச்ச போடறதுக்கு மசூதி வாசலுக்கு வா, இங்க வராத” என்றார். இரண்டு ஞாயிறு பேசவே இல்லை.

போன வருஷத் தை மாதம் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பைக்கில் போனோம். இடிந்த மதில்மேல் பாய் கையை நீட்டி நீட்டி அளந்தார். அடுத்த தைக்கு இந்தக் கோட்டையை மேசைமேல் கட்டி ஆடுவது என்று அங்கேயே முடிவானது. அவர் உள்ளே டச்சுக்காரன், நீலக் கோட்டு. நான் வெளியே இங்கிலீஷ்காரன், சிவப்பு. தெர்மாகோலில் மதில் செய்வது என் வேலை. சிப்பாய்களின் காலடியில் மண் ஒட்டுவதும் என் வேலை. கடற்கரையில் ஒரு பை மணல் அள்ளிக்கொண்டு வந்தேன். அதை வீட்டில் டீ வடிகட்டியில் சலித்ததற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

பெயின்ட் வேலை முழுக்க பாயுடையது. என் கை லாரி ஸ்டியரிங் பிடித்த கை, அந்தத் துளி பிரஷ்ஷை நம்பிக் கொடுக்க முடியாது என்பார். அவருக்குச் சர்க்கரை வியாதி. தினம் ஊசி. காலியான இன்சுலின் குப்பிகளின் தலையில் ஆளுக்கொருவனாகச் சிப்பாயை ஒட்டி, குப்பியைப் பிடித்துக்கொண்டு வர்ணம் தீட்டுவார். முதலில் கறுப்பு. அது காய்ந்ததும் நீலம், தண்ணீர் மாதிரி மெல்லிசாக இரண்டு பூச்சு. பிறகு கருநீலத்தை நீர்க்கக் கரைத்து, கோட்டு மடிப்புகளில் மட்டும் தங்கும்படி ஒரு பூச்சு. கடைசியாக பித்தளைப் பொத்தான், ஊசிமுனை அளவு. கோட்டை வாசலைக் காக்கும் கம்பெனி என்று ஒரு சிப்பாய்க் கூட்டத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். வருஷம் முழுக்க அந்தக் கம்பெனியிலேயேதான் கிடந்தார்.

பாய் தன் விளக்கை இன்னும் கிட்டே இழுத்துவைத்தது, டேப்பை என்னிடம் கொடுத்து “நீயே அளடா” என்றது, பகடை போட்டுவிட்டு “இன்னா வுழுந்துச்சு, கண்ணாடி கீழயே வுட்டுட்டேன்” என்றது, எல்லாம் நடந்தது. எனக்கு உறைக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பித்தளைப் பொத்தான்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டின் நடுவை விட்டு விலகிப்போனதையும் பார்த்தேன். வயசாகுதில்ல என்று விட்டுவிட்டேன்.

பாயின் இன்னொரு சட்டம், ஐப்பசி கார்த்திகையில் வார்னிஷ் டப்பாவைத் தொடக் கூடாது. வர்ணம் உரியாமல் இருக்க மேலே மேட் வார்னிஷ் ஸ்பிரே அடிப்பார்கள். அடித்தால் பளபளப்பு இல்லாமல், துணி துணியாகவே தெரியும். ஆனால் காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் அந்த ஈரமும் வார்னிஷோடு போய் ஒட்டிக்கொள்ளும். உருவம் முழுக்க சாம்பல் பூசின மாதிரி வெள்ளையாகிவிடும். இந்த வேலை செய்கிற ஒவ்வொருவனும் ஒருமுறை இப்படிக் கெடுத்து, தலையில் அடித்துக்கொண்டிருப்பான். பாயும் ஆரம்பத்தில் கெடுத்திருக்கிறார். அதிலிருந்து மழை ஆரம்பித்தால் டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிடுவார். தை வெயில் வந்தால்தான் இறக்குவார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. கொளவாய் ஏரி நிரம்பி, பஜாரெல்லாம் சேறு. நான் நனைந்துகொண்டே மாடி ஏறினேன். அறையில் வார்னிஷ் வாடை. பாய் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு ஒரு தட்டை நீட்டினார். கோட்டை வாசல் கம்பெனி, குப்பிமேல் வரிசையாக.

“முடிச்சிட்டேன் மச்சான். வார்னிஷும் போட்டாச்சு. இன்னா, எப்டி கீது?”

அத்தனை பேரும் வெள்ளை. நீலக் கோட்டு இல்லை, பொத்தான் இல்லை, முகம் இல்லை. சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்த மாதிரி நின்றார்கள். அய்யோ பாய், இன்னா பண்ணிட்ட என்று வாய்வரை வந்தது. வருஷ வேலை நாசமாகிவிட்டதே என்றுதான் முதலில் கோபம் வந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு கவலையும் இல்லை. தட்டைப் பார்க்காமல் தட்டுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது வெள்ளை என்று தெரியவில்லை.

“சூப்பரா கீது பாய்” என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். மண் ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி எல்லோரையும் ஒரு ஷூ டப்பாவில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கீழே கடைக்குள் அவர் மனைவி நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

“தெரிஞ்சிடுச்சாண்ணா?” என்றார். “கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதாம். சக்கரையால. மெட்ராஸ் போயி கண்ணுலயே ஊசி போட்டுகினு வராரு. நடுவுல மறைச்சிக்கிச்சாம். ஓரத்துல தான் ஏதோ தெரியுதாம். இருக்கறதயாவது காப்பாத்தலாம், போனது வராதுன்னுட்டாங்க.”

“என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சொன்னா நீங்க உட்டுக் குடுத்து ஆடுவீங்களாம். அப்புறம் ஞாயித்துக்கிழமைன்னு ஒன்னு இல்லவே இல்லன்றாரு.”

மழையில் படாளம் வரைக்கும் அந்த டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். அவர் ஏன் தன் சட்டத்தைத் தானே மீறினார் என்பது வழியில்தான் விளங்கியது. தை வெயிலுக்குக் காத்திருந்தால் அதற்குள் இருக்கிற கொஞ்சப் பார்வையும் போய்விடுமோ என்கிற பயம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி அழுதேன். அந்த ரோட்டில் எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அழுதது அன்றைக்குத்தான்.

வெளுத்துப்போனதை மீட்க ஒரு வழி இருக்கிறது என்று பாய் எப்போதோ சொல்லியிருந்தார். பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ஷால் மெல்லப் பூசினால் அது அந்த வெள்ளைக்குள் இறங்கி, அடியில் இருக்கிற வர்ணத்தைத் திரும்பக் காட்டுமாம். வாங்கிவந்து வீட்டு மேசையில் உட்கார்ந்தேன். முதல் சிப்பாயின் தோளில் ஒரு துளி வைத்தேன். கண்ணெதிரே நீலம் எழுந்து வந்தது. பக்கத்தில் நின்ற என் மனைவி “ஆத்தாடி” என்றாள். பொம்மை என்று அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவள் குப்பியைப் பிடித்துக்கொள்வாள், நான் பூசுவேன். விலகிப்போன பொத்தான்களை நான் திருத்தவில்லை. அது அவர் கை.

ஒரே குறை, எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மினுமினுத்தார்கள். மினுமினுப்பு போக மறுபடி மேட் ஸ்பிரே அடிக்கணும். அந்த ஈரத்தில் எனக்குத் துணிச்சல் இல்லை. பாய்க்குத்தான் தெரியாதே என்று இருந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்த ஞாயிறு. கதவுமேல் கோட்டையை நிறுத்தினேன். பாய் மதிலை ஒருமுறை விரலால் சுற்றிவந்தார். “நல்லா பண்ணிக்கிற” என்றார். வாசல் கம்பெனியை அவர் கையில் கொடுத்தேன். முதல் ஆளை எடுத்தார். கட்டைவிரல் சிப்பாயின் முதுகில் போனது, நின்றது, மறுபடி போனது.

“இது இன்னாத்துக்கு வழுக்குது?”

நான் டேப்பைச் சுருட்டத் தொடங்கினேன்.

“நான் அடிச்சது மேட்டு. மேட்டு கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும். இது கிளாஸ், பளபளா வார்னிஷு. யாரு பூசனது?”

“நான் தான் பாய்.”

“ஏன்?”

பாய் அந்தச் சிப்பாயை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

“வெள்ளையா பூட்ச்சா?” என்றார்.

“பூட்ச்சு.”

“அல்லாரும்?”

“அல்லாரும் தான்.”

“அத பாத்துட்டு தான் சூப்பரா கீதுன்னியா?” குரல் ஏறியது. “பூறது கண்ணு தான்டா. நான் பூடல. மழையில அடிச்ச முண்டம்னு என் மூஞ்சிக்கு நேரா திட்டியிருந்தீன்னா சந்தோசப்பட்டிருப்பேன். நீ எல்லாத்துக்கும் கத்தறவன் தானே, அன்னிக்கு மட்டும் வாயில இன்னா வச்சிருந்த?”

“பயமா இருந்துச்சு பாய்” என்றேன். அதுதான் உண்மை.

டப்பாவை மூடப் போகிறார், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். பிறகு சிப்பாய்களை ஒவ்வொருவராக, மதிலைத் தடவிப் பார்த்து, வாசலில் நிறுத்தினார்.

“இனிமே டைஸு என்னுதும் நீ தான் படிக்கணும். டேப்பும் நீ தான் பாக்கணும். வுழுந்தது இன்னாவோ அத மட்டும் சொல்லு. ஒரு வாட்டி மாத்தி சொன்னீன்னு வையி, எனக்குத் தெரியாது. ஆனா உனக்குத் தெரியும். அன்னியோட இத மடிச்சிடலாம்.”

ஆடினோம். களத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டு, எவனை எங்கே நகர்த்தணும் என்று சொன்னார். மதியம் சாயும்போது என் சிவப்புக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூன்று பக்கத்திலிருந்தும் சுட்டேன். இனி ஒரே ஒரு பகடை. ஒன்று விழுந்தால் வாசல் கம்பெனி முழுவதும் ஓடும். வேறு எது விழுந்தாலும் நிற்கும்.

பாய் பகடையை இரண்டு கைக்குள் வைத்து வாய்க்குள் ஏதோ சொல்லி உருட்டினார். அது மதிலில் முட்டி நின்றது. முட்டிய சத்தத்தை அவரும் கேட்டார்.

ஒன்று.

வருஷம் முழுக்க, கண் இருட்ட இருட்ட, அவர் தீட்டிய கம்பெனி. நாலு என்று சொன்னால் யாருக்கு நஷ்டம்? நான் ஜெயித்து எந்தக் கோட்டையைக் கட்டி ஆளப் போகிறேன்? நாக்கில் அந்த நாலு வந்து உட்கார்ந்துகொண்டது. பாய் அவசரப்படுத்தவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார்.

“ஒன்னு, பாய்” என்றேன்.

“ஒன்னா?”

“ஒன்னே தான்.”

அவர் மூச்சு விட்டார். கையை நீட்டி, வாசலில் நின்றவர்களை விரலால் தேடி, ஒவ்வொருவராக எடுத்து என் கையில் கொடுத்தார். எல்லோரும் வந்தபின், “சரி, உன் முறை. உருட்டு” என்றார்.

உருட்டினேன். ஆறு விழுந்தது.

“ஆறு, பாய்.”

“நாசமா போ” என்று சிரித்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த ஐப்பசி ஞாயிறுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்து முடித்து, காதைக் கொஞ்சம் சாய்த்தார்.

“இன்னாடா மூக்க உறிஞ்சற? அழுவறியா?”

ஜலதோஷம் என்று சொல்லியிருக்கலாம்.

“ஆமா பாய்” என்றேன்.