அம்மி கொத்திய கல்வெட்டு

சரித்திர ஆசிரியர்களை பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பழைய கற்களைக் காட்டினால் அவர்களுக்குச் சரித்திர ஞானம் வந்துவிடும் என்று எழுபதுகளில் மேலிடத்தில் யாரோ நினைத்துவிட்டார். எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ஒரே ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தால் அந்த நினைப்பை அவர் அங்கேயே கைகழுவியிருப்பார்.

நான் அப்போது முதலமடைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் சரித்திர டீச்சர். களப்பயணத்து பஸ் பாலக்காட்டில் புறப்பட்டு எங்கள் ஊருக்கு வரும். இங்கே மாந்தோப்பில் நிற்கும் ஒரு கல்லைப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, உடுமலை வழியாக மறையூருக்கு ஏறும் என்று ஏற்பாடு. அங்கே முனியறை என்று சொல்கிற பழங்காலத்துக் கல்லறைகளைப் பார்ப்பார்கள். கல்லைக் காட்டுவதும் சோறு போடுவதும் எங்கள் பொறுப்பு.

அந்தக் கல் என் இடுப்பு உயரம் இருக்கும். மாங்காய் லோடு ஏற்ற வருகிறவர்கள் சட்டையைக் கழற்றி அதன்மேல்தான் போடுவார்கள். தோப்புக்காரர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வாளை ஓங்கிய ஓர் உருவம், அதன் காலடியில் தேய்ந்துபோன மூன்று வரி எழுத்து. பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போதெல்லாம் நான் அங்கே நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். சாய்ந்த வெயில் விழுகிற நேரத்தில் பார்த்தால் தலைக்கு ஒரு பக்கமாகச் சரிந்த கொண்டை தெரியும். மார்பும் தெரியும். காலில் சிலம்பு மாதிரி ஒரு வளையம். எனக்குச் சந்தேகமே இல்லை, அது ஒரு பெண். எங்கள் ஊரில் எப்போதோ ஒருத்தி வாளெடுத்துச் செத்திருக்கிறாள், அவளை மதித்து யாரோ கல் நட்டிருக்கிறார்கள். ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா? அந்த மூன்று வரியைப் படிக்கத் தெரிந்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டும். பழைய எழுத்துப் படிக்கிற பேராசிரியர் ஒருவர் அந்த பஸ்ஸில் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர் வாயால் அவள் பேர் வந்துவிட்டால் போதும் என்றிருந்தேன்.

முன்னேற்பாட்டுக்கு ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் எங்கள் ஹெட்மாஸ்டர். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், தினமும் ரயிலில் வந்துபோகிறவர். அடுத்தவர் டிராயிங் மாஷ், ஓவிய வாத்தியார். உள்ளூர்ப் பண்ணையக்காரர் வீட்டுப் பிள்ளை, தான் வேலைக்கு வருவதே பள்ளிக்கூடத்துக்குச் செய்கிற உபகாரம் என்கிற நினைப்பு அவருக்கு. மூன்றாவது ஆள் நான்.

கமிட்டி கூடியபோதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். காளன் வைப்பதா, மோர்க்குழம்பு வைப்பதா என்று ஹெட்மாஸ்டர் தவித்த தவிப்பை ஒரு பாடத்தில் காட்டியிருந்தால் எங்கள் பிள்ளைகள் எங்கேயோ போயிருப்பார்கள். கடைவீதி ராவுத்தரிடம் சொல்லி பிரியாணி போட்டுவிடலாம் என்றார் டிராயிங் மாஷ். அந்த ஒரு வார்த்தையில் கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டத்தில் மாலை. ரோஜாவா, சம்பங்கியா? அதற்கடுத்த கூட்டத்தில் வாசலில் கட்டுகிற துணிக்கு என்ன நிறம் என்று பேசினார்கள். சரித்திரம் என்கிற சொல்லை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

"சார், அந்தக் கல்லு பொம்பளை உருவமாட்டத் தெரியுதுங்க. வர்ற பேராசிரியர்கிட்ட முதல்ல அதைக் காட்டோணும்" என்றேன்.

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஸ்திரீக்கு எதுக்கு டீச்சரே கல்லு? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. அது மைசூர்க் குதிரைப்படையைத் தடுத்து நிறுத்தின வீரனாக்கும்."

எங்கள் பக்கம் இது ஒரு வியாதி. பழைய கல் எங்கே கிடந்தாலும் அதற்குப் பக்கத்தில் ஒரு மைசூர்க் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். சரித்திரம் முடிந்தது, சாப்பிடப் போகலாம்.

"டீச்சர் கண்ணாடி முன்னால நின்னுட்டுக் கல்லைப் பாத்துட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்று டிராயிங் மாஷ் சொன்னதும் இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். இவ்வளவு மட்டமான தமாஷுக்கு இத்தனை சிரிப்பு.

சிரித்து முடித்ததும் ஹெட்மாஸ்டருக்கு ஒரு கவலை வந்தது. "கல்லு ரொம்பப் பழசா இருக்கே. வர்றவா என்ன நினைப்பா?"

பழங்காலத்துக் கல் பழசாக இருக்கிறதே என்று ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் கவலைப்பட்டார். அதை என் காதாலேயே கேட்டேன்.

"அதை நான் பாத்துக்கறனுங்க. சுத்தம் பண்ணி வெச்சுடறேன்" என்றார் டிராயிங் மாஷ்.

"தண்ணி ஊத்திக் கழுவுனாப் போதுங்க மாஷ். வேற எதுவும் பண்ணிப்போடாதீங்க" என்றேன். தலையை ஆட்டினார். காக்காய் எச்சத்தைக் கழுவப்போகிறார் என்று நம்பினேன்.

நான் பெண் என்பதால் அண்டாவும் குண்டாவும் என் தலையில் விழுந்தன. ஊருக்குள் வீடுவீடாகப் போய்ப் பாத்திரம் கேட்டு வாங்கிச் சேர்ப்பதிலேயே என் நேரமெல்லாம் போனது. பஸ் வருவதற்கு முந்தின நாள் சாயந்திரம் தோப்புப் பக்கமாக வந்தபோது டக், டக் என்று சத்தம் கேட்டது. அம்மி கொத்துகிற சத்தம். மாந்தோப்புக்குள் ஏது அம்மி என்று உள்ளே போனேன்.

தெருத்தெருவாக வந்து அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்திக் கொடுக்கிற ஆள், கல்லுக்கு முன்னால் குத்தவைத்து உளியை அடித்துக்கொண்டிருந்தார். டிராயிங் மாஷ் கையில் சாக்பீஸ். அவர் கோடு போடப்போட இவர் கொத்திக்கொண்டே வந்திருக்கிறார். மூன்று வரியும் ஆழமாகப் பளிச்சென்று தெரிந்தன. அவை தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, டிராயிங் மாஷின் கற்பனை. கொண்டை தலைப்பாகையாகிவிட்டது. மார்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக் கவசமாக்கிவிட்டார்கள். முகத்தில் இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை.

"மீசை எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றேன்.

"இருந்துச்சுங்க டீச்சர், தேஞ்சுபோய்க் கெடந்துச்சு. வீரன்னா மீசை இல்லாமப் போயிருமுங்களா?" என்றார் டிராயிங் மாஷ்.

அம்மி கொத்துகிறவர் கல்தூளை வாயால் ஊதிவிட்டு என்னைத் திருப்தியோடு பார்த்தார். "இனி ரொம்ப வருசத்துக்குக் கொத்த வேண்டியதே இல்லீங்கம்மா."

அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே கொத்தச் சொன்னார்களோ அங்கே கொத்தினார். பக்கத்தில் சாக்பீஸோடு நின்ற படித்த மூதேவியை ஓங்கி அறைய வேண்டும் என்று என் கை பரபரத்தது. அறைந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

காலையில் ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கல்லைப் போய்ப் பார்த்து, புதுசாகக் கொத்தினது வெள்ளையாகத் தெரிகிறதே என்று அதற்கு மட்டும் முகம் சுளித்தார். நல்லெண்ணெயை வரவழைத்துக் கல் முழுக்கத் தடவச்சொன்னார். "வர்ற நேரத்துல கலாட்டா பண்ணாதேள் டீச்சர்" என்று எனக்கு ஒரு உத்தரவு.

பஸ் வந்தது. வந்தவர்களுக்கு மாலை போட்டார்கள், அவர்கள் கையால் கல்லுக்கும் ஒரு மாலை போடவைத்தார்கள். குதிரைப்படையைப் பற்றி ஹெட்மாஸ்டர் உருகி உருகிப் பேசினார். வந்திருந்த சரித்திர ஆசிரியர்கள் அத்தனை பேரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். சூரியநெல்லி எஸ்டேட் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் மட்டும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நேத்துச் செஞ்சது மாதிரில்லா இருக்கு" என்று என் காதில் சொன்னார்.

பேராசிரியர் குனிந்து எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். விரலில் எண்ணெயும் கல்தூளும் ஒட்டிக்கொண்டன. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு நிமிர்ந்து, "ரொம்ப நல்லாப் பராமரிக்கிறீங்க" என்று ஹெட்மாஸ்டரைப் பாராட்டினார்.

கூட்டம் பந்திக்கு நகர்ந்தபோது அவரை வழிமறித்தேன். "சார், கொத்தறதுக்கு முந்தி அது பொம்பளை உருவமா இருந்துச்சுங்க. நான் பாத்திருக்கறேன்."

"இருந்திருக்கலாம்மா" என்றார் தணிந்த குரலில். "இனிமே அதை யாராலயும் சொல்ல முடியாது."

"கொத்திக் கெடுத்துட்டாங்கன்னாவது அவங்ககிட்டச் சொல்லுங்க சார்."

"இவ்வளவு பிரியமாச் சாப்பாடு போடறாங்க. இப்பப் போய் எதுக்கும்மா?"

போய் உட்கார்ந்து, பாயசத்தை இலையில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். டிராயிங் மாஷ் தங்கம் மாதிரி ஆள் ஆகிவிடுவார், இந்த மனிதரோடு ஒப்பிட்டால். அவருக்காவது ஒன்றும் தெரியாது.

பஸ் மறையூருக்குப் புறப்பட்டபோது என்னை ஏற்றவில்லை. கடன் வாங்கின பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமாம்.

சில வாரம் கழித்துத் தோப்பு வழியாகப் போனேன். கல்லைச் சுற்றித் தரையை மெழுகியிருந்தது. தோப்புக்கார அம்மா அதற்கு முன்னால் வாழையிலைத் துண்டில் ஒரு சுருட்டைப் பற்றவைத்துப் படைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர்கள் பஸ்ஸில் வந்து மாலை போட்டுவிட்டுப் போனால் அது சாமியாகத்தானே இருக்க வேண்டும்.

"மீசைக்காரச் சாமிங்க டீச்சர். கும்புட்டுட்டுப் போங்க" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, அது பொம்பளைங்க" என்றேன்.

அந்த அம்மா என்னையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்தார். எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று நினைத்திருக்க வேண்டும். "ஏனுங் டீச்சர், மீசை வெச்ச பொம்பளை எங்காச்சும் உண்டுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

சரித்திரத்தில் பட்டம் வாங்கினவள் நான். காட்டுவதற்கு என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. வீட்டுக்கு நடந்தேன்.