வலது பக்க லைட்டு

எங்க வீட்டுக்காரர் தெளிவாச் சொல்லிட்டார். "இன்னொரு தடவை கார்ல ஏதாவது ஆச்சுன்னா சாவி எங்கிட்ட வந்துரும். நீ பஸ்ல போய்க்க."

நான் யாரையும் இடிக்கலை. பள்ளிக்கூடத்துப் பாதைக்குத் திரும்புறப்ப ஒரு வேன்காரர்தான் பின்னாடி வந்து முட்டினார். ஆனா என் கார்ல திரும்புற லைட்டு எரியலை, அது உண்மை. திண்டுக்கல்லில் இருந்து சேவுகம்பட்டிப் பக்கம் இருக்கிற என் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும். ரெண்டாவது பஸ் வந்தா உண்டு, வராட்டி இல்லை. பன்னிரண்டு வருஷமா நானே ஓட்டிட்டுப் போற காரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வரலை.

லைட்டு கெட்டதுக்கு யாரைக் கேட்கணும்? எங்க வீட்டுக்காரரைத்தான் கேட்கணும். ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவுறேன்னு பைப்பை நேரா வண்டி மூஞ்சிக்குள்ள விட்டு அடிப்பார். ஹாரன் தண்ணி குடிச்சு, சளி பிடிச்ச மாதிரி கரகரன்னு ஆயிப்போச்சு. அப்புறம் ஒவ்வொரு லைட்டு மேலயும் சந்தனத்தை அப்பி நடுவுல குங்குமம். அதைத் துடைக்கக் கூடாதாம், தானா உதிரணுமாம். தை பிறந்தும் உதிரலை. "லைட்டை மறைக்குதுங்க"ன்னா, "சாமி பாத்துக்கும்"னு சொல்வார். பின்னாடி வந்த வேனை யார் பாத்தா?

எலக்ட்ரீசியன் கடைக்கு மூணு சனிக்கிழமை அலைஞ்சேன். முதல் வாரம் அவர் புது ஹாரன் மாட்டி ஒரு அமுக்கு அமுக்கினார், தெருவே திரும்பிப் பாத்துச்சு. "இது போதும் டீச்சர், லைட்டையெல்லாம் எவன் பாக்குறான்?" நான் லைட்டுக்குத்தான்ப்பா வந்தேன்னு சொன்னா, பல்பு தீர்ந்துருச்சு, அடுத்த வாரம் வாங்கங்கிறார். அடுத்த வாரம் இடது பக்கம் எரிஞ்சுச்சு, வலது பக்கம் செத்துக் கிடந்துச்சு. மூணாவது வாரம் கழட்டிப் பாத்தா, உள்ள வயர் முனையெல்லாம் பச்சை பூத்திருக்கு. அதைச் சுரண்டி முடிக்கிறதுக்குள்ள அவருக்கு ரெண்டு டீ, நாலு போன். பின்னாடி நின்னு பாத்துச் சொல்ல ஆள் இல்லை. நானே சுவிட்சைப் போட்டுட்டு இறங்கி ஓடிப் பாத்தேன். பிரேக் லைட்டுக்கு அதுவும் முடியாது. காலை எடுத்தா அணைஞ்சிரும். கண்ணாடி வழியா, பின்னாடி சுவத்துல சிவப்பு விழுதான்னு பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். மிச்சச் சந்தனத்தை நகத்தாலயே சுரண்டினேன். பாவம்னா என் தலையில விடியட்டும்.

திங்கட்கிழமை காலையில எல்லாம் எரியுதுங்கிற தெம்புல போனேன். பள்ளிக்கூடப் பாதை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வலது பக்க லைட்டைப் போட்டு வேகத்தைக் குறைச்சேன். கண்ணாடியில ஒரு பைக் தூரத்துல வர்றதும் தெரிஞ்சுச்சு. வண்டியைத் திருப்புறேன், அந்த பைக் என் வலது பக்கத்துல வந்து நிக்குது. பிரேக்கை மிதிச்சேன். பைக்காரர் ஒடிச்சு ஓரத்து மண்ணுக்குள்ள போய்ச் சாய்ஞ்சார். பின்னாடி இருந்த அவர் சம்சாரம் பூ மூட்டையோட விழுந்துச்சு. ரோடெல்லாம் மல்லி.

இறங்கின வேகத்துல கத்தினேன். "கண்ணு தெரியலையா? அம்புட்டுத் தூரத்துல இருந்து லைட்டைப் போட்டுட்டு வாரேன்!"

அந்த மனுஷன் கோபப்படவே இல்லை. "லைட்டைப் பாத்துத்தான்ம்மா வந்தேன். நீங்கதான முந்திக்கிட்டுப் போகச் சொன்னீங்க?"

எங்க ரோட்டுல லாரி மெதுவாப் போய் வலது லைட்டைப் போட்டா, எதிர்ல வண்டி இல்லை, நீ முந்திப் போன்னு அர்த்தம். யாரும் எழுதி வைக்கலை, எல்லாருக்கும் தெரியும். நானும் அந்த லைட்டை நம்பி எத்தனையோ லாரியை முந்தியிருக்கேன். ஒருவேளை அவன் திரும்பப் போறானோன்னு ஒரு நாளாவது யோசிச்சதில்லை.

அந்தப் பொண்ணுக்கு முழங்கை தோல் வழண்டு ரத்தம் கசிஞ்சுச்சு. நானும் குந்தி உக்காந்து பூ அள்ளினேன். பாதிப் பூவுல மண்ணு ஒட்டிப்போச்சு. "விடுங்கம்மா, உசுரு இருக்குல்ல"ன்னு அந்தப் பொண்ணுதான் என்னைத் தேத்துச்சு.

இதை வீட்டுல சொன்னா சாவி போயிரும். நாள் பூரா அதே நினைப்பு. ஆனா சாயங்காலம் அவர் முகத்தைப் பாத்ததும் மறைக்க முடியலை. ஒண்ணு விடாமச் சொல்லிட்டு, எடுத்துக்கங்கன்னு சாவியை அவர் முன்னாடி வச்சேன்.

அவர் சாவியைத் தொடலை. நெத்தியைச் சுருக்கிக் கேட்டார். "அது சரி, முந்திப் போகச் சொல்றதுக்கு இல்லாம வலது லைட்டை வேற எதுக்குப் போடுவாங்க?"

கேலி பண்றார்னு நினைச்சு நிமிர்ந்து பாத்தேன். இல்லை, நிஜமாவே கேட்குறார். முப்பது வருஷமா வண்டி ஓட்டுற மனுஷன்.

சாவியை எடுத்து என் கைப்பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.