பார்வதியக்கா சொன்ன விரிசல்

செய்தி பார்வதியக்காவின் மகளிடமிருந்து கன்னடத்தில் வந்தது. “அம்மா ஹோத்ரு.” அம்மா போய்விட்டார். மைசூரில் ஹெப்பாளுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அதைப் படித்த நான், கௌதள்ளி ஊரில் இருக்கும், பேச்சுவார்த்தை நின்றுபோன தன் அண்ணன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன். ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டது போலிருக்கிறது என்று சந்தோஷமும் பட்டேன். “எப்போது திரும்புவார்?” என்று பதில்கூட அனுப்பிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது; அவர்தான் என் கைப்பேசியை எட்டிப் பார்த்து, “இறந்துட்டாங்கம்மா. மாரடைப்பாம்” என்றார்.

பரிசோதனைப் பிரிவில் அக்காவோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். வார்ப்பு இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. சந்தேகமான பாகத்துக்கு மேலாளர் எவ்வளவு நெருக்கினாலும், “தெளிவாக இல்லை” என்றுதான் அவர் எழுதுவார். “கண்ணுக்குத் தெரிஞ்சத எழுது. மனசுக்குத் தோணுறத டீ குடிக்கும்போது சொல்லு” என்பார்.

ஒருமுறை தன் அண்ணன் முத்துசாமியின் துப்பாக்கியைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அது பழைய ராணுவத் துப்பாக்கி. ராணுவம் கழித்துவிட்டதை யாரோ குழலைக் குடைந்து, வேறு தோட்டா போடும்படி மாற்றியிருந்தார்கள். அவர்களுடைய அப்பா பயிர்க் காவலுக்கு உரிமத்தோடு வாங்கியது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் மக்காச்சோளக் காட்டுப் பக்கம் பன்றி வராது. நெடுநாள் சுடாமல் கிடந்ததை மறுபடி எடுக்கலாமா என்று அண்ணனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மைசூரில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். வெடிக்கும்போது பின்பக்கம் வரும் விசையைத் தாங்குவது அதுதான். அக்கா அதன் மேல் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சிறிது நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தார். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய சாயம் பூச்சின் மேல் தெரியும். மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு எழுந்தது.

“விரிசல்ணா. சுட்டா போல்ட் மூஞ்சிக்கே வரும். தொடாத” என்றார்.

“அப்பன் எத்தன தடவ சுட்டிருக்காரு அம்மிணி.”

“விரிசல்தாண்ணா. சும்மா பேசாத.”

அண்ணன் கோபத்தோடு துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். அந்த வருடம் விளைச்சலில் பெரும்பகுதியைப் பன்றிகள் தின்றன. அதன்பின் அவர் தங்கையோடு பேசவில்லை.

எனக்குக் குழப்பம் துப்பாக்கியைச் சோதித்த மறுநாளே தொடங்கியது. டீ குடிக்கும்போது அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்: “அது அரம் பட்ட கீறலாக்கூட இருக்கலாம் மாரேயித்தி. தேய்ச்சுப் பாத்தாத்தான் தெரியும். அந்த எடத்தத் தேய்ச்சா போல்ட்டே கெட்டுப்போகும். எனக்குத் தெரியல.” அப்படியென்றால் அண்ணனிடம் ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அக்கா எழுந்தார். டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனபோது முத்துசாமி வாசலில் நின்றிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீங்க அன்னைக்குக் கூட இருந்தீங்கல்லங்க. அது நெசமாவே விரிசல்தானுங்களா?”

ஆமாம் என்றால், வீணாகத் தங்கையோடு பேசாமல் இருந்துவிட்டோமே என்று அவர் மனம் இன்னும் வேகும். இல்லை என்பதற்கும் எனக்கு ஆதாரம் இல்லை. அக்கா என்னிடம் சொன்னதையே சொன்னேன். அவருக்கே தெரியவில்லை என்றேன்.

தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். பிறகு, “தெரியலன்னு சொல்லியிருந்தா நான் சுட்டிருப்பனுங்க” என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா அன்று செய்தது சரியா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. வாழ்நாள் முழுவதும் தெரிந்ததை மட்டும் சொன்னவர், சொந்த அண்ணனிடம் தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. சாயம் துடைத்த துணியைச் சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார். அக்கா என்றால் எனக்கு நினைவில் நிற்பது, அந்தத் துணியை மடித்த கைகள்தான்.