பூகோள டீச்சர் விட்டுவிட்ட மலை

என் கால்களைப் பற்றி எழுதுவதென்றால் வலது காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். இடது காலுக்கு அவ்வளவு திமிர் கிடையாது. வலது காலில் பெருவிரல் தொடங்கும் இடத்தில் எலும்பு ஒரு நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கும். பெருவிரலோ நேராகப் போகாமல், பக்கத்து விரலிடம் ஏதோ ரகசியம் சொல்வதுபோல் அதன்மேல் சாய்ந்து கிடக்கும். அடிபட்டு வந்ததல்ல. அப்பாவின் காலிலிருந்து எனக்கு வந்த சொத்து. அண்ணனுக்கு அம்மாவின் கால் போயிற்று. அந்தப் பாகப்பிரிவினையில் எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு.

பழனி அடிவாரத்தில் எங்களுக்குத் தேங்காய் பழக் கடை. அர்ச்சனைத் தட்டு வாங்குகிறவர்கள் செருப்பை எங்கள் கடையிலேயே விட்டுவிட்டு மலையேறுவார்கள். அப்பா அதில் ஒரு முறை வைத்திருந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "சாமி கும்பிட்டு எங்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டுக்கொள்வார். பஸ்ஸுக்கு என்றால் செருப்பு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நிற்கும். ரயிலுக்கு என்றால் ஸ்டேஷனைப் பார்த்து. இறங்கி வருகிறவர் காலை நுழைத்தால் போதும், அப்படியே நடையைக் கட்டலாம். ஊரார் செருப்புக்கெல்லாம் திசை பார்த்துக் கொடுத்த அந்த வீட்டில், இருபது வயது வரை எனக்கென்று ஒரு செருப்பு கிடையாது. தேவைப்படவும் இல்லை. வெறுங்காலில் எத்தனை நெல்லிக்காய் இருந்தாலும் யாருக்கு என்ன?

அதைப் பெரிய விஷயமாக்கியவள், என்னைப் பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள். முகத்தைப் பார்த்தாள், ஜடையைப் பார்த்தாள், கடைசியில் குனிந்து காலைப் பார்த்தாள். "இந்த வெரல்ல மெட்டிய எங்கிட்டுப் போடுறது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, தட்டிலிருந்த கேசரியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள். கேட்டதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்தக் கேசரியைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் டீச்சர் ட்ரெயினிங் முடித்து, கொடைக்கானலில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டேன். ஐம்பதுகளின் கடைசி. பழனியில் நின்றால் அந்த மலை தலைக்கு மேலேயே தெரியும். ஆனால் போய்ச் சேர, திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று சுற்றி ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் ஆட வேண்டும். அனுப்பும்போது அப்பா சொன்னார்: "ஒரு வருசம் பாரு தாயி. வேலை நெரந்தரமாச்சுன்னா யோசிப்போம். இல்லேன்னா வெரசா வந்துரு. வரன் பாக்கணும்ல."

நிரந்தரம் ஆவதற்கும் எனக்கும் நடுவில் என் கால் குறுக்கே நீட்டிக்கொண்டு கிடந்தது. வகுப்பில் ஆசிரியைகள் மூடிய கறுப்பு ஷூ போட வேண்டும் என்பது தலைமை ஆசிரியையின் கட்டளை. அவரை நாங்கள் பெரிய மிஸ் என்போம். கடைவீதியில் நான் முயன்ற ஷூக்கள் இரண்டே வகை. அழகானவை என் காலை ஏற்க மறுத்தன. என் காலை ஏற்றவை எஸ்டேட் துரைகள் சேற்றில் மிதிப்பதற்கென்று செய்தவை. பட்டுப்புடவைக்குக் கீழே அதைப் போட்டுப் பார்த்தேன். என்னுடன் கொடைக்கானலின் நாயுடுபுரத்தில் அறையைப் பகிர்ந்துகொண்ட கணக்கு டீச்சர், சிரிக்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

அவளிடம் ஒரு வெளிநாட்டுக் கடையின் படப் புத்தகம் இருந்தது. அதில் ஒரு ஷூ. ஒடுங்கிய மூக்கு, சின்னக் குதி, பக்கத்தில் பொட்டு மாதிரி ஒரு பக்கிள். பார்த்த மாத்திரத்தில் எனக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது. நாயுடுபுரத்திலேயே ஒரு ஷூக்காரர் இருந்தார். எந்தப் படத்தைக் காட்டினாலும் அப்படியே தைத்துத் தருவார். ஆனால் பெண்கள் யாரும் அவர் கடைக்குப் போய்க் காலை நீட்டுவதில்லை. வீட்டில் காகிதத்தின்மேல் நின்று, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்து கொடுத்தனுப்புவார்கள். அளவெடுக்கும் வழக்கமே அதுதான்.

நானும் வரைந்தேன். குதிகாலில் புறப்பட்ட பென்சில் ஒழுங்காகத்தான் வந்தது. நெல்லிக்காயை நெருங்கியதும் அந்தக் கேசரி அம்மாள் நினைவுக்கு வந்தாள். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை கையில் இந்தக் காகிதம் போகப்போகிறதே என்று வெட்கமும் வந்தது. பென்சில் வளையாமல் நேராகப் போய்விட்டது. இரண்டு காலிலும் அதே மோசடி. பிள்ளைகள் மேப்பில் ஒரு குன்றை விட்டுவிட்டால் காதைத் திருகுகிற பூகோள டீச்சர் நான்.

ஷூ வந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. காலில் போட்டால் உயிர் போயிற்று. முதல் வாரம் மேஜையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினேன். இரண்டாம் வாரம் ஒரு காலில் நின்று நடத்தினேன். பிள்ளைகள் எனக்குக் கொக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைக்கடியில் ஷூவைக் கழற்றிவிட்டுக் காவிரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பெரிய மிஸ் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். எழுந்து நின்றேன். கால்கள் ஷூவைத் தேடின. அது எங்கேயோ போய்விட்டிருந்தது. "மேப்பில் காட்டுங்கள்," என்றார். வெறும் சாக்ஸோடு மேப்புவரை நடந்து போய்க் காவிரியைக் காட்டினேன். அவர் காவிரியைப் பார்க்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டனுப்பினார். "வெள்ளிக்கிழமை முழு வகுப்பும் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். ஒழுங்காக ஷூ போட்டு, நின்று நடத்த வேண்டும். வேலை நிரந்தரமா இல்லையா என்று அதற்கப்புறம் சொல்கிறேன்."

அன்று சாயங்காலமே ஷூவைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஷூக்காரர் கடைக்குப் போய், மேப்புக்கு முன்னால் நின்று பூகோளம் நடத்த முடியவில்லை என்று சண்டை போட்டேன். அவர் அடுக்கிலிருந்து என் காகிதத்தை எடுத்து விரித்தார். ஷூவை அதன்மேல் வைத்தார். கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

"நீங்க போட்ட கோட்டுக்குச் சரியாத்தாங்க தச்சிருக்கேன். எதுக்கும் காலை ஒருக்கா இதுமேல வைங்க."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வேறு வழியில்லை, வைத்தேன். நெல்லிக்காய் கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டது. அவர் காலைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேப்புப் போடச் சொல்லிக் குடுக்குற டீச்சரு, ஒரு மலையவே விட்டுட்டீங்களே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு காலை மறைக்க என்ன இருக்கிறது? புதுக் காகிதத்தில் அவரே கோடு போட்டார், வளைய வேண்டிய இடத்தில் வளைத்து. இரண்டு ஷூவின் பக்கவாட்டிலும் அந்த இடத்தை மட்டும் வட்டமாக வெட்டியெடுத்து, மெத்தென்ற தோலில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்று தைத்து வைத்தார். தையல் துருத்திக்கொண்டு தெரிந்தது. "இதுக்கு மேல ஒரு பூ வச்சுட்டா சோலி முடிஞ்சிரும்," என்றார். தோலிலேயே ஐந்து இதழ் வெட்டி, கிண்ணத்தின்மேல் ஒட்டித் தைத்தார்.

வெள்ளிக்கிழமை நான் அந்த ஷூவிலேயே காவிரியிலிருந்து கங்கை வரை போய் வந்தேன். உட்காரவே இல்லை. ஆனந்தமாக இருந்தது. பெரிய மிஸ் நாற்பது நிமிஷமும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "வேலை நிரந்தரம்," என்றார். கதவுவரை போனவர் திரும்பி வந்து, "அந்தப் பூ வைத்த ஷூ எங்கே வாங்கியது?" என்று கேட்டார்.

அடுத்த மாதத்துக்குள் கணக்கு டீச்சர், பாட்டு டீச்சர், தையல் டீச்சர் மூவர் காலிலும் பூ மலர்ந்துவிட்டது. நேரான கால்காரிகள். உள்ளே ஒன்றுமே இல்லாத பூ. ஷூக்காரர் என்னை வழியில் கண்டால் கைகூப்புவார்.

வேலை நிரந்தரமானதை வீட்டுக்கு எழுதினேன். அண்ணன் கையெழுத்தில் அப்பாவின் பதில் வந்தது: ரொம்ப சந்தோஷம். நல்ல வரன் ஒன்று கூடி வந்திருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி வத்தலக்குண்டில் தங்கி, ஞாயிறு வெள்ளனே முதல் பஸ்ஸில் வருகிறேன். சாமான்களைக் கட்டி வை, மத்தியான பஸ்ஸில் திரும்பலாம்.

நான் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் அழுகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை என்னை வழியனுப்ப டீச்சர்கள் அறைக்கு வந்துவிட்டார்கள். காப்பி குடித்தபடி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம். வாசலில் நாலு ஜோடிப் பூ ஷூக்கள் கிடந்தன.

வெளியே இருமல் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அப்பா. உள்ளே பெண்கள் குரல் கேட்டதால் வராமல், படியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. நாலு ஜோடியில் என் ஜோடியை மட்டும் எடுத்து மடியில் வைத்திருந்தார். பூவின்மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தன் காலிலிருந்த நெல்லிக்காயைத் தடவிக்கொண்டார்.

"மத்ததெல்லாம் வெறும் பூவு தாயி. இதுதான் நம்ம காலு," என்றார். "வலிக்கலையா?"

"இல்லப்பா. நாள் பூரா நிக்கலாம்."

உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டி வைத்த பெட்டி அங்கிருந்தே தெரிந்தது. என் முகத்தையும் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் எங்கிட்டு இருக்கு?"

மேட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். பஸ் ஸ்டாண்ட் கீழே, எதிர்ப்பக்கம்.

அப்பா என் ஷூக்களைப் படியில் வைத்தார். கடையில் வைப்பதுபோல் இரண்டையும் சேர்த்து, குதியைத் தட்டிச் சரிசெய்து, மூக்கு மேட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எனக்குக் கிடைக்குமா ஒரு காப்பி என்று கேட்டார்.

நான் உள்ளே போய், முதலில் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தேன்.