ஆளுக்கு ஒரு மேஸ்

நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் கெண்டைக்காலைச் சுற்றி இறுக்கமாக ஓர் உறை மாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் ஏதாவது பயன் உண்டா என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று கோபம் வரும். கேட்டவர் மேல் இல்லை. இரண்டு பேர் மேல். ஒருத்தி, என்னோடு ஓடிய என் கூட்டாளி. இன்னொருவர், எங்களை ஓட வைத்த ஆசிரியர், எங்கள் சேர்.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தோம். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே வெங்காயம் வதக்கினால் இங்கே கண் எரியும். வகுப்பும் ஒன்றுதான். பத்தாம் வகுப்பு வரும்போது பாடசாலையில் எங்கள் இருவரையும் நெடுந்தூர ஓட்டத்தில் முந்த ஆளில்லை. இறக்கத்தில் அவள் பறப்பாள். ஏற்றத்தில் நான். தினமும் விடிந்தும் விடியாமலும் டிக்கோயா டவுன் வரை இறங்கி ஓடிவிட்டு, அதே பாதையில் ஏறித் திரும்புவோம். அந்த நேரத்தில் பெரட்டுக்களத்துக்கு வேலைக்குப் பேர் கொடுக்கப் போகும் பெண்கள் எங்களைப் பார்த்து, "ஒங்கள யாருடி தொரத்துறா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். இறங்கும்போது டவுன் எல்லை வரை அவள் முன்னால் இருப்பாள். ஏற்றத்தின் மூன்றாவது வளைவில் நான் அவளைத் தாண்டிவிடுவேன். இது மழை பெய்தாலும் மாறாது, பனி இறங்கினாலும் மாறாது.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர். வயது குறைந்தவர் என்பதால் அதிபர் விளையாட்டையும் அவர் தலையில் கட்டிவிட்டார். அவர் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. குடை பிடித்துக்கொண்டு, கழுத்தில் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு மைதானத்து ஓரத்தில் நிற்பார். ஆனால் நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் காலுக்குக் கன்வஸ் சப்பாத்து வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

ஒருநாள் அவர் எங்களைக் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். கண்டிப் பக்கம் விடுதியுள்ள பெரிய பாடசாலை ஒன்றில் நெடுந்தூரம் ஓட ஒரு பிள்ளை தேவை. அங்கே உள்ள விளையாட்டு ஆசிரியை சேருக்குத் தெரிந்தவர். அவர் வந்து எங்கள் ஓட்டத்தைப் பார்ப்பார். முதலில் வருகிறவளைக் கூட்டிப்போவார். சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம் ஒன்றுதான்.

அன்றைக்கு இரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொழுந்து எடுத்துக் கறுத்த விரல்களை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டே கேட்டார். "நல்லதுதான். கெடைச்சா போய்ப் படி. கெடைக்கலன்னா சோதனை முடிஞ்சதும் பேர் பதிஞ்சிருவோம். வீட்டுல இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க, நா என்ன செய்ய?" என்றார். அம்மா மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். அந்த ஓட்டத்தில் முதலில் வராவிட்டால் நானும் கூடையோடு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டியதுதான்.

அந்த உறை வந்தது இதற்குப் பிறகுதான். கனடாவில் இருந்த சேரின் அண்ணன் அனுப்பிய பார்சலில் அது ஒரு சோடி இருந்ததாம். கறுப்பு நிறம், ரப்பர் மாதிரி இழுபடும் துணி, பாதம் இல்லை. கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடியும். காலுறையை மேஸ் என்போம், அதனால் நாங்கள் அதற்குப் பாதமில்லாத மேஸ் என்று பேர் வைத்தோம்.

"வெளிநாட்டில மரதன் ஓடுற ஆக்கள் எல்லாரும் இதைப் போட்டுத்தான் ஓடுறவை, பிள்ளையள். கெண்டைக்கால இறுக்கிப் பிடிச்சா ரத்தம் கெதியா மேல ஏறும். கால் களைக்காது. இதைப் போட்டு ஓடிப் பாருங்கோ, வித்தியாசம் தெரியும்" என்றார் சேர்.

விஞ்ஞான சேர் சொன்னால் அப்பீல் ஏது? ஆனால் ஒரு சோடிதான் இருந்தது, நாங்கள் இரண்டு பேர். நாள் மாற்றி நாள் போடுங்கள் என்றார் அவர். ஓட்டத்தன்று யார் முறை என்ற சண்டை அங்கேயே தொடங்கிவிட்டது. கடைசியில் என் கூட்டாளிதான் வழி சொன்னாள். "ஆளுக்கு ஒன்னு எடுத்துக்குவோம். அன்னைக்கும் ஆளுக்கு ஒன்னுதான். ரெண்டையும் ஒருத்தி போடக் கூடாது. சரியா?" கோயில் வாசலில் வைத்து அவள் கையில் நான் அடித்தேன், என் கையில் அவள் அடித்தாள். எனக்கு இடது காலில்தான் அடிக்கடி பிடித்துக்கொள்ளும், அதனால் நான் இடதுக்கு எடுத்தேன். அவள் வலதுக்கு.

அதற்குப் பிறகு பெரட்டுக்குப் போகும் பெண்களுக்கு வாய் நிறைய வேலை கிடைத்தது. ஒற்றைக் கால் மட்டும் கறுப்பாக இரண்டு பெண்கள் ஓடினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எங்களுக்கு வெட்கமில்லை. மாட்டிய கால் கதகதப்பாக, யாரோ கையால் பிடித்துவிட்டது போல இருக்கும். இடது காலில் பிடிப்பு வருவது நின்றேபோனது. மேஸால்தான் என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக நம்பினேன்.

ஓட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். கிழமை முழுக்க மழை, வாசலில் எதுவும் காயவில்லை. "ஒன்னோட மேஸயும் குடு. ரெண்டையும் அலசி எங்க அடுப்புக்கு மேல போட்டுர்றேன். காலையில சூடா மாட்டிக்கலாம்" என்றாள். எங்கள் அடுப்பு புகைக்கும், அவர்களுடையது நல்ல அடுப்பு. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கழற்றிக் கொடுத்தேன். நன்றி வேறு சொன்னேன்.

காலையில் நான் அவள் கதவைத் தட்டியபோது அவள் அப்போதே போய்விட்டதாக அவளுடைய அம்மா சொன்னார். மைதானத்துக்கு ஓடினேன். அவள் ஓட்டம் தொடங்கும் கோட்டருகே நின்று கையை உதறிக்கொண்டிருந்தாள். இரண்டு காலும் கறுப்பு.

"என்னடி இது?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்டி. கோவிச்சுக்காத."

"கையடிச்சமே!"

"எனக்கும் வீட்டுல பேர் பதியப் போறாங்க" என்றாள்.

நான் சேரிடம் ஓடினேன். அவர் கண்டியிலிருந்து வந்த ஆசிரியைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார், கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப அதுக்கு நேரமில்லைப் பிள்ளை. வந்த ஆக்களுக்கு முன்னால சண்டை பிடிக்காதேங்கோ. போய் நில்லுங்கோ" என்றார். நானே அவள் காலிலிருந்து அதை உரித்து எடுத்திருக்க வேண்டும். வந்த டீச்சர் வெள்ளைச் சேலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கூச்சமாகிவிட்டது. போய் நின்றேன்.

இறக்கத்தில் அவள் முன்னால் போனாள். அது வழக்கம்தான். டவுன் எல்லையில் வைத்திருந்த பீப்பாயைச் சுற்றித் திரும்பும்போது எங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியும் வழக்கமானதுதான். இனி ஏற்றம், அது என்னுடையது. ஆனால் அன்றைக்கு நான் பாதையைப் பார்க்கவில்லை. முன்னால் மாறி மாறி எழும்பிய அந்த இரண்டு கறுப்புக் கால்களைத்தான் பார்த்தேன். ஒன்றுக்கே அவ்வளவு பலம் என்றால் இரண்டுக்கு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டேன். இன்றைக்கு அவளுக்குக் களைக்காது, நான் வேகமெடுத்தால் வெறும் இடது கால் நடுவழியில் பிடித்துக்கொள்ளும் என்று என் மண்டை சொல்லிக்கொண்டே வந்தது. மூன்றாவது வளைவில் அவள் தளர்ந்தாள், என் கண்ணால் பார்த்தேன். அவள் தோள் ஆடியது. இது ஏதோ நாடகம் என்று நினைத்து நானும் வேகத்தைக் குறைத்தேன். கால் பிடிக்கும் பிடிக்கும் என்று பயந்துகொண்டே மைதானம் வரை வந்து சேர்ந்தேன். கடைசி வரை அது பிடிக்கவே இல்லை.

அவள் முடிவுக் கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்து வாந்தி எடுத்தாள். நான் அவளுக்குப் பின்னால் வந்து நின்றேன். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. டீச்சர் குனிந்து அவளிடம் பெயர் கேட்டார்.

இரண்டொரு நாள் அழுதுவிட்டுச் சேரைத் தேடிப் போனேன். ஆய்வுகூடத்தில் தனியாக இருந்தார். "சேர், ரெண்டு காலுக்கும் மேஸ் போட்டதாலதானே அவ முன்னுக்கு வந்தா? டீச்சர்கிட்ட சொல்லி இன்னொரு தரம் ஓட வைங்க சேர். இந்தத் தரம் யாரும் போட வேணாம்" என்றேன்.

சேர் சிரித்தார். கேலியாக இல்லை, குழந்தையிடம் சிரிப்பது போல. "அதால ஒண்டும் இல்லைப் பிள்ளை. எங்கட அண்ணி வாங்கிப் போட்டு ஓடிப் பாத்திட்டு, வேகத்தில ஒரு வித்தியாசமும் இல்லையெண்டு தூக்கிப் போட்டதுதான் அது. ஓடி முடிஞ்ச பிறகு கால் நோவு கொஞ்சம் குறைவாம், அவ்வளவுதான். உங்களுக்கொரு நம்பிக்கை வரட்டும் எண்டுதான் நான் அப்பிடிச் சொன்னனான்."

நான் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்தேன். நம்பிக்கை வந்தது சேர், நன்றாகவே வந்தது. வந்த நம்பிக்கையை ஒருத்தி அடுப்புக்கு மேல் காயவைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏற்றத்தில் உன்னைப் பிடிக்க ஆளில்லை என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் போதுமே. அது பொய்யும் இல்லை. அதை விட்டுவிட்டு ஒரு துண்டுத் துணியை நம்பச் சொன்னார். அவள் எனக்குச் செய்தது துரோகம் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் செய்தது அவருக்கே தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் இன்னும் எதை எதையோ சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

அவள் கண்டிக்குப் போன அன்று அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு பையை நீட்டினார். உள்ளே துவைத்து மடித்து, இடது கால் மேஸ். "ஒன் பங்க குடுத்துரச் சொல்லிட்டுப் போனா" என்றார். பங்கு பிரிப்பதில் அவள் எப்போதும் நேர்மையானவள்தான்.

பாடசாலைச் சோதனை முடிந்தது, எனக்குத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். எரித்துவிடலாம் என்று வைத்திருந்த மேஸை மலைக்குப் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினேன். சரிவில் நாள் முழுக்க நின்று கொழுந்து எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் வலது கால் விண்விண் என்று தெறிக்கும். இடது கால் அவ்வளவு இல்லை. சேர் சொன்னதில் அது ஒன்று மட்டும் உண்மை. வலது காலுக்கும் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று எத்தனையோ பின்னேரம் நினைத்திருக்கிறேன்.

அடுத்த வருஷ விடுமுறைக்கு அவள் வந்திருந்தாள். ஒரு காலை நான் பாதையோரத்துத் தேயிலை நிரையில் கூடையோடு நின்றபோது கீழே இருந்து ஓடி வந்தாள். நல்ல சப்பாத்து, பாடசாலையின் பெயர் எழுதிய மேற்சட்டை. கால் இரண்டும் வெறுமை. என்னைக் கண்டு நின்றாள். அவள் கண், நனையாமலிருக்க நான் இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்குக்குக் கீழே, இடது காலுக்குப் போனது.

"இன்னமும் அதப் போட்டிருக்கியா?"

"மத்தது எங்க?" என்றேன்.

"அதுவா? போன மொதக் கெழமையே டீச்சர் கழட்டச் சொல்லிட்டாங்க. இதெல்லாம் தேவையில்லன்னாங்க. எங்க போட்டேன்னே தெரியல" என்றாள். குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று பார்த்தேன். "வர்றேன்டி" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடத் தொடங்கினாள்.

அங்கிருந்து மூன்றாவது வளைவு வரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷப் பயிற்சிக்குப் பிறகும் ஏற்றத்தில் அவளுக்கு அதே வேகம்தான், தோள் அதே மாதிரி ஆடியது. முதுகில் கூடையோடு ஓடியிருந்தால்கூட அந்த வளைவுக்குள் அவளைத் தாண்டியிருப்பேன். மேலே இருந்து கங்காணி, "அங்க என்னா வேடிக்க, நிரை பின்னுக்கு நிக்குது" என்று சத்தம் போட்டார். நான் அடுத்த செடிக்கு நகர்ந்தேன்.