அண்ணன் கொண்டுவந்த காங்கோ பாட்டு

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள், உறவினர்களே. எனக்குக் கோபம்தான் வருகிறது. அதையே எழுதுகிறேன்.

பூதலூர் அருகே குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர் அண்ணன். பம்புசெட் மெக்கானிக். ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருடம், ஜெனரேட்டர் வேலைக்குக் காங்கோ போனார். உடன் வேலை பார்த்த காங்கோக்காரர் ஜோசப்பின் ரேடியோவில்தான் அந்த ஊர்ப் பாட்டை முதலில் கேட்டார். "எங்க ஆளுங்களை அடிமையா கியூபாவுக்குக் கொண்டுபோனாங்க. அவங்களோட போன தாளம் இசைத்தட்டுல ஏறித் திரும்பி வந்துச்சு. நாங்க கிட்டாரை எடுத்து அதை மறுபடி எங்களுதாக்கிட்டோம்" என்று ஜோசப் சொன்னாராம். அதை எனக்குச் சொல்லும்போது அண்ணனின் கண் கலங்கியிருந்தது.

எட்டு வருடம் கழித்து, பெட்டி நிறைய கேசட்டுகளோடு திரும்பினார். வீட்டில் போட்டால், "கறுப்பனுங்க கூச்சல், நிறுத்துப்பா" என்பார் சித்தப்பா. வெயிலில் நாற்று நட்டுக் கறுத்த நாம் பேசுகிற பேச்சா அது?

சிறுநீரகம் கெட்டு அண்ணன் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வெள்ளையடிக்கிறோம் என்று அந்தக் கேசட்டுகளைக் குப்பையோடு கொளுத்தினார் சித்தப்பா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் என் மேல்.

வீடு திரும்பிய அண்ணன் காலிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். யார் என்றுகூடக் கேட்கவில்லை.

பிறகு செல்போனில் அந்தப் பாட்டுகளைத் தேடிப் பிடித்தேன். டயாலிசிஸ் வார்டில் இயர்போன் அவர் காதில் ஒன்று, என் காதில் ஒன்று. "பாடறவங்களை விடும்மா, கிட்டாரைக் கேளு. பாதிப் பாட்டுக்கு அப்புறம் அதுதான் ஓடும்" என்றார். கேட்டேன். ஊசி இல்லாத கையால் கட்டிலில் தாளம் போட்டார். என் ஐம்பதாவது வயதில்தான் அண்ணன் யாரென்று எனக்குத் தெரிந்தது.

அண்ணனை எடுக்கும் அன்று, ஒரே ஒரு பாட்டு போடட்டுமா என்று கெஞ்சினேன். "சாவு வீட்டுல கூத்தா?" என்றார் சித்தப்பா. சற்றுமுன் பறைக்குத் துண்டைச் சுழற்றி ஆடிய நீங்கள் எல்லோரும் அவருக்குத் தலையாட்டினீர்கள்.

கட்டில் தாளத்தை நிறுத்து என்று ஒரு நாளும் சொல்லாத வார்டு நர்சம்மாவுக்கு நன்றி.

ஜோசப்புக்கு நன்றி. செய்தி சொல்ல அண்ணன் செல்போனிலிருந்து அழைத்தேன். அவர் பாஷை எனக்குத் தெரியாது, தமிழ் அவருக்குத் தெரியாது. அண்ணன் பெயரைச் சொல்லி அழுதேன். புரிந்துகொண்டார். அப்புறம் அந்தக் காங்கோ பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினார். அழுதுகொண்டே கடைசி வரிவரை பாடினார்.

உறவினர்களே, உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

தங்கை